பாதிக் குத்தகை குறித்து என் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை நானும் உன் அம்மாவும் சேர்ந்தே படித்தோம். நீ சவாரி செய்யும் லாயத்தில் இருக்கும் அந்தப் பன்னிரண்டு வயதுக் குதிரையை அதன் உரிமையாளர் விற்கவும் தயாராக இருக்கிறார், விற்காமல் உனக்கும் அங்கே சவாரி செய்ய வரும் இன்னொரு பெண்ணுக்கும் பொதுவாகக் குத்தகைக்குக் கொடுக்கவும் தயாராக இருக்கிறார் என்று எழுதியிருந்தாய். பாதிக் குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் சற்றுச் சலிப்போடு கேட்டிருந்தாய். ஆசைப்பட்டதை வாங்கிக்கொள்ளட்டுமே என்பது உன் அம்மாவின் கட்சி. நான் குத்தகையின் பக்கம். கால்நடை மருத்துவனாக இத்தனை காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் என் காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன், முடிவு உன்னுடையது.

குதிரை வாங்குவதைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லாரும் விலையைப் பற்றியே பேசுகிறார்கள். விலை ஒருமுறை கொடுத்துத் தீர்ப்பது. அதற்குப் பின் வருவதுதான் தீராதது. ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரை ஒன்று நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறத்தாழ 1.5 முதல் 2 சதவீதம் வரை, அதாவது ஏழரை முதல் பத்து கிலோ வரை உலர்ந்த தீவனத்தைத் தின்னும். 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்கும், வெயில் காலத்தில் அதைவிட நிறையக் குடிக்கும். உடம்பின் அளவைப் பார்க்கும்போது அதன் இரைப்பை மிகச் சிறியது; எட்டு முதல் பதினைந்து லிட்டர்தான் கொள்ளும். அந்த இரைப்பையில் அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருப்பதால், காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை என்று போட்டுவிட்டுப் போக முடியாது. நாளின் பெரும்பகுதியும் அது புல்லை மென்றுகொண்டிருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடத்தை மாற்ற வேண்டும். வளர்ந்துகொண்டே வரும் பற்களில் கூரான விளிம்புகள் உண்டாகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்காமல் இருக்க, ஆண்டுக்கு ஒருமுறையாவது வாயைத் திறந்து பார்த்து அவற்றை ராவிவிட வேண்டும். தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் இவற்றுக்கு மேல். இவற்றில் எதுவும் நீ அந்த வாரம் சவாரிக்குப் போனாயா, இல்லையா என்று பார்த்துக் குறைவதில்லை.

இப்போது உன் வாரத்தை நினைத்துப் பார். வேலை நாட்களில் இருட்டிய பின்னரே வீடு திரும்புகிறாய். மாதத்தில் சில நாட்கள் வெளியூர்ப் பயணமும் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் லாயத்துக்குப் போக முடிந்தாலே பெரிது என்று நீயே எழுதியிருக்கிறாய். மிச்ச நான்கு நாட்கள் அந்தக் குதிரை என்ன செய்யும் என்ற கேள்விக்கு, சொந்தக்காரியாக இருந்தால் நீ ஒரு விடை கண்டுபிடித்தே ஆக வேண்டும். அசையாமல் கொட்டிலில் நிற்கும் குதிரைக்குக் கால்கள் வீங்கும், செரிமானம் மந்தப்படும், மனம் கெடும். நாள் முழுவதும் கதவைக் கடித்துக்கொண்டு நிற்கும் குதிரைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை மிகுந்த அன்போடு வாங்கப்பட்டவை. உன்னால் கொடுக்க முடிந்த மூன்று நாட்களையும் இன்னொருத்தி கொடுக்கும் மூன்று நாட்களையும் சேர்த்து, ஒரு நாள் ஓய்வும் விட்டால் அந்த ஒரு குதிரைக்கு முழு வாரம் அமைகிறது. இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்ததே இதுதான்: செலவு பாதியாவதைக் காட்டிலும் குதிரையின் வாரம் முழுமையாவதுதான் முக்கியம்.

வாங்குவதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். நல்ல பராமரிப்பில் குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். பன்னிரண்டு வயதுக் குதிரைக்கு நல்ல உழைப்பு ஆண்டுகள் இன்னும் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் மூட்டுத் தேய்மானமோ தசைநார்க் காயமோ வந்து முதுகில் ஆளை ஏற்ற முடியாமல் போன பிறகும் அது பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும், தின்னும், மருத்துவரைத் தேடும். அந்த ஆண்டுகளும் உரிமையாளருக்கு உரியவையே. அவற்றை ஏற்க மனமும் வசதியும் இல்லாதவர்கள் கிழட்டுக் குதிரையை யாரிடமாவது தள்ளிவிடுகிறார்கள், அது எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்பதும் இல்லை. நீ அப்படிச் செய்கிறவள் அல்ல என்று எனக்குத் தெரியும். அதனாலேயே, அடுத்த ஐந்து ஆண்டுகளில் எந்த ஊரில் இருப்பாய் என்பதே உறுதியாகாத நிலையில், பதினைந்து ஆண்டுப் பொறுப்பில் இப்போது கையெழுத்திட வேண்டாம் என்கிறேன்.

பாதிக் குத்தகையில் குதிரை இருக்கும் லாயத்திலேயே இருக்கும். சொத்துரிமை உரிமையாளரிடமே நிற்கும். குறித்த நாட்களில் சவாரி செய்யும் உரிமை உனக்கு, அதற்கு ஈடாகப் பராமரிப்புச் செலவில் ஒரு பங்கு உன்னுடையது. முழுக் குத்தகை என்பது வேறு. அதில் பெரும்பாலும் எல்லாச் செலவும் பொறுப்பும் எடுப்பவர் தலையில் வந்துவிடும். உனக்குச் சொல்லப்படுவது எது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள், ஏனென்றால் லாயங்களில் இந்த இரண்டையும் கலந்து பேசுவது வழக்கம். உரிமையாளர் ஏன் குத்தகைக்கு விட நினைக்கிறார் என்றும் நேரடியாகக் கேள். தனக்கு நேரமில்லாத காரணத்தால் குதிரைக்குப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று நினைப்பவர் நல்ல உரிமையாளர். வாங்குபவர் வரும்வரை தீவனச் செலவைப் பிறர் மேல் போட நினைப்பவர் என்றால், உன் குத்தகை எந்த மாதத்திலும் முடியலாம். இரண்டாவது வகையாக இருந்தாலும் ஏற்கலாம். ஆனால் விற்பதாக இருந்தால் முதலில் உன்னிடம் கேட்ட பிறகே பிறரிடம் பேச வேண்டும் என்ற விதியை எழுதி வாங்கிக்கொள்.

வாங்கும் போது மருத்துவரை அழைத்துச் சோதிப்பவர்கள் குத்தகைக்கு எடுக்கும் போது அதைச் செய்வதில்லை. மூன்று நாள் சவாரிக்கு அவ்வளவு எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். நீ விட வேண்டாம். உரிமையாளருக்கு வழக்கமாக வைத்தியம் பார்க்காத ஒருவரை அழைத்து, குதிரையைக் கெட்டியான தரையில் கையால் பிடித்து நேராக ஓட்டிக்காட்டச் சொல். பிறகு இரண்டு பக்கமும் வட்டமாக ஓட்டச் சொல். முன்னங்காலில் நோவு இருந்தால், நோகும் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். நல்ல கால் படும்போது கீழே இறங்கும். இதை நீயே கண்ணால் பார்த்துப் பழகிக்கொள்ளலாம். கால்களைத் தடவிச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பது, சேணம் உட்காரும் இடத்தில் விரலால் அழுத்தும்போது முதுகை இறக்குகிறதா என்று கவனிப்பது, குளம்புகளைத் தூக்கிப் பார்ப்பது ஆகியவை அரை மணி நேர வேலைதான். அன்றைக்கே நான்கு பக்கமும் படம் எடுத்து வை. பழைய தழும்புகளையும் சேணம் கடிவாளத்தின் நிலையையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நாளைக்கு, இந்தக் காயம் யார் காலத்தில் வந்தது என்ற பேச்சு எழும்போது அந்தத் தாள் பேசும்.

ஒப்பந்தத்தில் நாட்கள், செலவுப் பங்கு, தாண்டும் தடையின் உயர எல்லை, குதிரையில் வேறு யாரை ஏற்றலாம், காப்பீடு யார் பெயரில் என்பவற்றை எல்லாரும் எழுதிவிடுவார்கள். எல்லாரும் விட்டுவிடுவது நோய்க்காலத்தை. அதைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும்.

முதலாவது அவசர நிலை. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் சிக்கியது கீழே இறங்கியாக வேண்டும், இல்லையென்றால் உயிருக்கு ஆபத்து. தீவனத்தைத் தொடாமல் நிற்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்காலால் தரையைக் கீறுவது, படுத்துப் புரள்வது, சாணம் போடாமல் இருப்பது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். ஓய்வில் இருக்கும் குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். அறுபதைத் தாண்டி அப்படியே நின்றால் நிலைமை மோசம் என்று எடுத்துக்கொள். சில சமயம் அறுவைச் சிகிச்சை செய்வதா வேண்டாமா என்று சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டியிருக்கும். அந்த முடிவு உரிமையாளருடையது. அவர் தொலைபேசியில் கிடைக்காவிட்டால் யாருடையது? எந்தச் செலவு வரை அவரைக் கேட்காமலே வைத்தியம் செய்யலாம்? குதிரையின் வேதனையை முடித்துவைக்க வேண்டிய நிலை வந்தால் யார் சொல்ல வேண்டும்? நள்ளிரவில் கொட்டிலில் நின்றுகொண்டு இவற்றை விவாதிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பகலில் மேசையில் உட்கார்ந்து எழுதி முடிக்க வேண்டியவை இவை.

இரண்டாவது நீண்ட ஓய்வு. முன்னங்காலின் தசைநார் கிழிந்தால் குணமாக ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். சவாரியே இல்லாத அந்தக் காலத்துக்கு நீ பங்கு செலுத்த வேண்டுமா? சவாரி நின்ற அன்றே பணமும் நிற்கும் என்று எழுதிக்கொள்வது எடுப்பவருக்கு நன்மைதான். ஆனால் குதிரை மிகவும் நொந்திருக்கும் வாரத்தில் எல்லாரும் கையை உதறிக்கொண்டு போவதுபோல் அது ஆகிவிடும். காயம்பட்ட நாளிலிருந்து ஒரு மாதம் வரை வழக்கம்போலச் செலுத்தி, உன் நாட்களில் போய்க் குதிரையைக் கையில் பிடித்து நடத்தி, அதன்பின் விலகவோ குறைந்த பங்கில் தொடரவோ உனக்கு உரிமை இருக்க வேண்டும் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இயல்பான தேய்மானத்தால் வந்த நோய்க்கும், விதியை மீறி வழுக்கும் தரையில் தடை தாண்டவைத்ததால் வந்த காயத்துக்கும் வேறுபாடு எழுதப்பட்டிருக்க வேண்டும். முன்னது உரிமையாளருடையது, பின்னது ஏறியவருடையது.

குத்தகையில் உன்னோடு சேரும் அந்தப் பெண்ணைப் பற்றி நீ ஒரு வரிதான் எழுதியிருக்கிறாய். நான் அதிகம் தெரிந்துகொள்ள விரும்புவது அவளைப் பற்றித்தான். உரிமையாளரோடு உனக்கு மாதம் ஒருமுறை பேச்சு இருந்தால் போதும், அவளோடு வாரம்தோறும் இருக்கும். அவள் சவாரியை இரண்டு மூன்று முறை ஓரமாக நின்று பார். நீ காலின் மெல்லிய அழுத்தத்தால் கேட்பதை அவள் காலணியின் குதியில் மாட்டும் குதிமுள்ளால் கேட்கிறாள் என்றால், குதிரைக்கு எந்தக் குறிப்பை நம்புவது என்று தெரியாமல் போய், உன் மென்மையான குறிப்புகளுக்குக் காது கொடுக்காமல் மரத்துவிடும். இருவரும் ஒரே பயிற்சியாளரிடம் அவ்வப்போது பாடம் எடுத்தால் இது பெரும்பாலும் வராது. சேணம் குதிரையின் முதுகுக்குப் பொருந்த வேண்டியது. உங்கள் இருவருக்கும் கால் வைக்கும் அங்கவடியின் நீளம் மட்டுமே மாறலாம். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்ற பொது அளவையும் நினைவில் வை. சேணம் வைக்கும் அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கட்டும்: என்ன வேலை வாங்கப்பட்டது, எவ்வளவு நேரம், வியர்வை, இருமல், லாடத்தின் ஆணி தளர்ந்திருந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அவள் செவ்வாயன்று தடை தாண்டவைத்ததை அறியாமல் நீ புதனன்றும் தாண்டவைத்தால், இருவரும் அளவோடு நடந்துகொண்டிருந்தும் குதிரைக்கு அது அளவு மீறியதாகிவிடும். நோட்டில் எழுதச் சோம்பல்படுகிறவளாகத் தெரிந்தால் வேறு கூட்டாளியைத் தேடு. இதில் நான் சற்றுக் கடுமையாக இருப்பதாக உன் அம்மா சொல்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும்.

பாதிக் குதிரை என்ற உன் மனக்குறைக்கு வருகிறேன். உன் நாளில் நீ துலக்கி, குளம்பு சுரண்டி, சேணம் பூட்டி ஏறுவது முழுக் குதிரையில்தான். பழகிய மனிதர்களின் முகத்தையும் குரலையும் குதிரைகள் அடையாளம் கண்டுகொள்கின்றன என்பது ஆய்வுகளில் தெளிவான செய்தி. உரிமைப் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குத்தகை முடியும் நாளில் நீ வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். நீ பழக்கிய குதிரையில் இன்னொருவர் ஏறுவதைப் பார்க்கவும் நேரலாம். அந்த வருத்தத்துக்கு எந்த விதியும் எழுத முடியாது. ஓராண்டுக்குப் பிறகும் உன் மூன்று நாட்களை ஒருமுறைகூடக் கூட்டாளியிடம் தள்ளிவிடாமல் காப்பாற்றியிருந்து, ஊரும் வேலையும் நிலைத்திருந்தால், வாங்குவதைப் பற்றிப் பேசலாம். அப்போது நானே வந்து சோதித்துத் தருகிறேன்.

முதலில் ஒரு மாதச் சோதனைக் காலம் கேள். பெரும்பாலான உரிமையாளர்கள் மறுக்க மாட்டார்கள். வரைவு கைக்கு வந்ததும் கையெழுத்திடும் முன் எனக்கு அனுப்பிவை. விலகுவதற்கு முப்பது நாள் முன்னறிவிப்பு இரு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கிறதா, அந்தப் பெண் நடுவில் விலகினால் அவளுடைய பங்கு தானாக உன் தலையில் விழும்படி எங்காவது எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் நீயும் ஒருமுறை பார்த்துவிடு.

அன்புடன்,
அப்பா