கடல் தொட்டிக்கு எந்த உப்பு, எப்படிக் கலப்பது

சென்னை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு அவள் ஆசைப்பட்ட கல்லூரியிலேயே இடம் கிடைத்ததையும், அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததையும் படித்து மனம் நிறைந்தது. இங்கே அனைவரும் நலம். என் தொட்டியிலும் ஒரு நல்ல செய்தி உண்டு. கோமாளி மீன் ஜோடி மீண்டும் முட்டையிட்டிருக்கிறது, ஆண் மீன் இரவு பகலாக அருகிலேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கிறது.

நீயும் கடல் மீன் வளர்க்கத் துணிந்து மூன்றடித் தொட்டி வாங்கிவிட்டாய் என்பதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா? ஆனால் கடைசிப் பத்தியில் நீ எழுதியிருந்ததற்கு உடனே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. கடல் தொட்டிக்கென்றே வாளியில் விற்கும் கலவை உப்பின் விலையைக் கேட்டு மலைத்துப் போய், தூத்துக்குடியில் இருக்கும் உன் மைத்துனர் உப்பளத்திலிருந்தே ஒரு மூட்டை அனுப்புவதாகச் சொல்கிறார், அதுவும் கடலிலிருந்து வந்ததுதானே என்று கேட்டிருக்கிறாய். தயவுசெய்து அதைத் தொட்டியில் போடாதே. அந்த உப்பில் குறை ஒன்றும் இல்லை. சமையலுக்கும் ஊறுகாய்க்கும் அதைவிட நல்லது கிடைக்காது. கடல்நீரில் இருப்பவற்றில் பெரும்பகுதியை விலக்கிவிட்டு ஒன்றை மட்டும் பிரித்தெடுப்பதுதான் உப்பள வேலையே என்பதால், அதைத் திரும்பத் தண்ணீரில் கரைத்தால் கடல் திரும்பி வராது.

உப்பளத்தில் நடப்பதை எண்ணிப் பார். வெயிலில் நீர் வற்ற வற்ற, முதலில் சுண்ணாம்புச் சத்து படிகிறது. அடுத்து ஜிப்சம் படிகிறது. இந்த இரண்டும் முன்வரிசைப் பாத்திகளிலேயே தங்கிவிட, கால்சியத்தின் பெரும்பகுதி அங்கேயே போய்விடுகிறது. பிறகு நீரை உப்பு விளையும் பாத்திக்குத் திருப்புகிறார்கள். போமே என்ற அடர்த்தி அளவுகோலில் ஏறக்குறைய 25 டிகிரியை எட்டும்போது சோடியம் குளோரைடு படிகமாக இறங்குகிறது. மெக்னீசியமும் பொட்டாசியமும் கரைந்தபடியே மிஞ்சும் கசப்பு நீரை, உப்பு கசக்கக் கூடாது என்பதற்காகவே வெளியேற்றிவிடுகிறார்கள். ஆக, மூட்டையில் வருவது ஏறத்தாழ சோடியம் குளோரைடு மட்டும். உன் தொட்டியின் இறாலுக்கு ஓடு கட்டக் கால்சியம் வேண்டும்; அந்தக் கால்சியமும் காரத்தன்மையும் ஒன்றோடொன்று சேர்ந்து படிந்துவிடாமல் இருக்க மெக்னீசியம் வேண்டும். இவை இல்லாத உப்பு நீரில் மீன் சில நாள் தாக்குப்பிடிக்கலாம், இறாலும் நத்தையும் தாங்கா.

ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் குளோரைடு சுமார் 19.4 கிராம், சோடியம் 10.8, சல்பேட் 2.7, மெக்னீசியம் 1.3, கால்சியமும் பொட்டாசியமும் தலைக்கு 0.4 கிராம், மீதியெல்லாம் துளித்துளி. சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி எடுத்து வந்த நீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர் பகுத்துப் பார்த்து, 1884-இல் முடிவுகளை வெளியிட்டார். கடலுக்குக் கடல் உப்பின் அளவு கூடக் குறைய இருந்தாலும், அந்த உப்புகள் ஒன்றுக்கொன்று இருக்கும் விகிதம் எங்கும் ஏறக்குறைய ஒன்றே என்பது அதில் உறுதியாயிற்று. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு வாளித் தூளைக் கரைத்துக் கடல் மீன் வளர்க்க நம்மால் முடிகிறதென்றால், அதற்கு அடிப்படை இந்த உண்மைதான். அந்த விகிதத்தை அப்படியே கொடுப்பதற்காகத்தான் வாளி உப்புக்கு அந்த விலை.

சென்னையிலிருந்து கடல்நீரையே கேனில் அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தாய். கேட்பதற்கு எளிதாக இருந்தாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அடையாறும் கூவமும் கலக்கும் கரையில் எடுத்த நீரை எந்தத் தொட்டியிலும் நம்பி ஊற்ற முடியாது. அதோடு, வங்கக் கடலின் மேல்மட்ட நீரே உப்புக் குறைந்தது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோரமாகத் தெற்கே நகர்ந்து வருவதால், அந்த மாதங்களில் நம் கரையின் உப்பளவு இன்னும் கீழே இறங்கிவிடும். மாதத்துக்கு மாதம் மாறும் நீரை வைத்துச் சிறு தொட்டியை நிலையாக வைத்திருப்பது பெரும் பாடு.

இனி, எந்த உப்பு என்பது. கடைக்குப் போனால் விலை கூடிய வாளியைத்தான் முதலில் காட்டுவார்கள். நீ பார்க்க வேண்டியது அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்களில் ஆல்கலினிட்டி, அதாவது காரத்தன்மை, என்ற ஒன்றை. அதை டி.கே.ஹெச். என்ற அலகில் சொல்வார்கள்; இயற்கைக் கடல்நீரில் அது ஏறக்குறைய 7. ரெட் ஸீ நிறுவனத்தின் நீல வாளி சுமார் 8 தரும். அதே நிறுவனத்தின் கோரல் ப்ரோ என்ற கறுப்பு வாளி சுமார் 12 தரும். இரண்டாவது, கல் பவளங்கள் வேகமாக வளர்ந்து கால்சியத்தையும் காரத்தையும் தின்று தீர்க்கும் தொட்டிகளுக்காகச் செய்தது. நீ வைக்கப்போவது ஒரு ஜோடி கோமாளி மீன், இரண்டு கிளீனர் இறால், சில நத்தை. உனக்கு நீல வாளி போன்ற ஒன்றே போதும், அதற்கு மேல் கொடுக்கும் பணம் வீண். பவளத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன்: கல் பவளங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் அந்தக் கடைப் பக்கமே போகாதே. நம் தலைமுறையிலேயே அந்தப் பவளத்திட்டுகள் பட்ட பாடு போதும்.

ஒருமுறை ஒரு உப்பைத் தேர்ந்துகொண்டால் அதையே தொடர்ந்து பயன்படுத்து என்பதுதான் உனக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி. வேறு உப்புக்கு மாறியே ஆகவேண்டிய நிலை வந்தாலும் பயப்படத் தேவையில்லை, கணக்கு எளிது. கல்லும் மணலும் போக உன் தொட்டியில் 130 லிட்டர் நீர் நிற்கும் என்று வைத்துக்கொள். வாரம் ஒரு 20 லிட்டர் கேன் அளவு நீரை மாற்றினால் அது 15 சதவீதம். ஆல்கலினிட்டி தொட்டியில் 8-இலும் புதுநீரில் 12-இலும் இருந்தால் தொட்டி 8.6-க்கு ஏறும், உயிர்கள் இதைத் தாங்கும். அதே நீரைப் பாதித் தொட்டிக்கு மாற்றினால் ஒரே நாளில் 10 ஆகிவிடும், அந்தத் தாவல்தான் ஆபத்து.

உப்பைவிடத் தண்ணீரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உன் வீட்டில் சிறுவாணி வருகிறது என்பது பெரிய கொடுப்பினை. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரோடு ஒப்பிட்டால் அது ஏற்கெனவே பாதி சுத்தம். ஆனாலும் அதில் குளோரின் கலந்துதான் வருகிறது. உப்புத் தண்ணீர் என்று நீங்கள் சொல்லும் ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் குழாயின் பக்கம் போகவே போகாதே. அதிலுள்ள கடினத்தன்மையும் நைட்ரேட்டும் வாளியின் விகிதத்தை மொத்தமாகக் குலைத்துவிடும். சமையலறை ஆர்.ஓ. இருக்கிறதே என்பாய். அதில் ருசிக்காகக் கொஞ்சம் மூல நீரைத் திரும்பக் கலக்கும் திருகும், கனிமம் சேர்க்கும் குப்பியும் இருக்கும். அவற்றுக்கு முன்னாலேயே நீரைப் பிரித்தெடுத்து, மிஞ்சிய உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டி.ஐ. ரெசின் குழல் வழியாக விட்டால், கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் சுழியம் வரும். அந்த நீர்தான் வேண்டும். பழைய செம்புப் பாத்திரத்தில் மட்டும் பிடித்து வைக்காதே, செம்பு இறாலுக்கு நஞ்சு.

கலப்பதற்கு, சோப்போ ரசாயனமோ கண்டிராத ஒரு கேன், ஒரு சிறிய பம்ப், ஒரு சமையலறைத் தராசு போதும். முதலில் நீரை முழுவதும் நிரப்பி, பம்பை ஓடவிட்டு, 25 டிகிரி வெப்பம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். உங்கள் ஊரில் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பிறகுதான் உப்பு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. வாளியில் உப்பைக் கொட்டி அதன்மேல் நீர் ஊற்றினால், குறைந்த நீரில் கால்சியமும் காரமும் அளவுக்கு மீறிய அடர்த்தியில் சந்தித்து, கால்சியம் கார்பனேட்டாக வெள்ளையாகப் படிந்துவிடும். அது எத்தனை கலக்கினாலும் திரும்பக் கரையாது. வெந்நீர் ஊற்றினால் சீக்கிரம் கரையும் என்று எண்ணுவது இயல்பு, ஆனால் இந்தப் படிவு சூட்டில் இன்னும் எளிதாக உண்டாகும். லிட்டருக்குச் சுமார் 37 கிராம் கணக்கு. 20 லிட்டருக்கு 740 கிராம் வரும். முதலில் 700 போட்டுக் கரைய விட்டு, அளந்து பார்த்து மீதியைச் சேர். கரண்டிக் கணக்கு வேண்டாம், ஈரம் ஏறிய உப்பு கரண்டியில் ஒரு எடையும் காய்ந்தது இன்னொரு எடையும் நிற்கும். போட்டவுடன் நீர் மோர் போல வெளுக்கும், பிறகு மெல்லத் தெளியும். தெளிந்து அடி வெள்ளையாகப் படியாமல் இருந்தால் சரி. நீல வாளி உப்பு கலந்து ஓரிரவு நின்றாலும் பாதகமில்லை. கோரல் ப்ரோவை நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்தச் சொல்லி அந்த நிறுவனமே எழுதியிருக்கிறது. முதல் முறை, உயிர் எதுவும் இல்லாதபோது தொட்டியிலேயே கலந்துகொள்ளலாம், ஏறக்குறைய ஐந்து கிலோ பிடிக்கும். மீன் வந்த பிறகு உலர் உப்பு ஒரு சிட்டிகை கூட நேராக உள்ளே விழக் கூடாது.

உப்பளவை அளக்க, முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் வேண்டாம். அதன் முள்ளில் ஒட்டும் ஒரு குமிழியே அளவை ஏமாற்றிவிடும். நீர் ஒளியை வளைக்கும் அளவை வைத்து உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் நல்லது. கண்ணாடிப் பட்டகத்தில் இரண்டு துளி விட்டு, மூடியை அழுத்தி, அரை நிமிடம் பொறுத்து வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு 35-இல் நிற்க வேண்டும். ஒப்படர்த்தி அளவில் அது சுமார் 1.026. வாலை நீரை (காய்ச்சி வடித்த நீரை) வைத்துச் சுழியத்தைச் சரிசெய்தால் போதும் என்று சொல்வார்கள். சுழியத்தில் சரியாக இருக்கும் கருவி 35-இல் பிசகலாம், ஆகையால் 35-இலேயே சோதிப்பதுதான் நம்பகம். உன் மைத்துனர் அனுப்பும் மூட்டைக்கு இங்கே ஒரு நல்ல வேலை இருக்கிறது: நன்றாகக் காய்ந்த சுத்தமான உப்பு 36.5 கிராமை 963.5 கிராம் வாலை நீரில் கரைத்தால், 35 அளவுள்ள கடல்நீர் ஒளியை எப்படி வளைக்குமோ அப்படியே அதுவும் வளைக்கும். அதைக் குப்பியில் மூடி வைத்துக்கொண்டு கருவியைச் சரிபார்க்கலாம்.

வாளியைத் திறக்கும் முன் பலமுறை உருட்டிவிடு, பயணத்தில் நுண்ணிய துகள்கள் அடியில் தங்கியிருக்கும். கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் குளோரைடும் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பவை. ஒருமுறை பாறையாக இறுகிய உப்பின் எண்களை நம்ப முடியாது. மலிவு என்று 20 கிலோ வாளி வாங்கினால் அரை ஆண்டுக்கு மேல் திறந்து மூடிக்கொண்டிருப்பாய். ஏழு கிலோ வாளி இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும், அதையே வாங்கு. ஆவியாகும் நீருக்குப் பதிலாக உப்பில்லாத நீரைத்தான் ஊற்ற வேண்டும், ஏனெனில் போவது நீர் மட்டுமே. நூறு லிட்டரில் இரண்டு லிட்டர் குறைந்தாலே 35 என்பது 35.7 ஆகிவிடும், மின்விசிறி வைத்துக் குளிரூட்டும் கோடையில் இதைத் தினமும் கவனி.

அடுத்த மாதம் பொள்ளாச்சிக்குத் திருமணத்துக்கு வருகிறேன். என்னிடம் கூடுதலாக இருக்கும் ரிஃப்ராக்டோமீட்டரைக் கொண்டுவருகிறேன், நீ புதிதாக வாங்க வேண்டாம். அதற்குள் சிறுவாணி நீரின் டி.டி.எஸ். என்ன, ரெசின் தாண்டிய பிறகு என்ன என்ற இரண்டு எண்களை மட்டும் எழுதி அனுப்பு. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்