அத்தையைக் கோசாயிகுண்டத்துக்குக் கூட்டிப் போகாதே

அன்புள்ள கோமதி,

நலம். நீயும் அண்ணனும் பிள்ளைகளும் நலந்தானே? அண்ணனுக்கு முழங்கால் வலி தேவலையா? கேட்டதாகச் சொல்.

உன் வாய்ஸ் மெசேஜை நேற்று ராத்திரி திரும்பத் திரும்பக் கேட்டேன். நான் அனுப்பிய நேபாளத்துக் கோசாயிகுண்டம் ஏரி போட்டோவைப் பார்த்ததும் அத்தை கையெடுத்துக் கும்பிட்டார் என்கிறாய். அதோடு நிறுத்தியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். "வர்ற ஆவணி அவிட்டத்துக்கு டிராவல்ஸ்ல பேசியாச்சுடி, அட்வான்ஸும் குடுத்தாச்சு, காத்மாண்டுல இருந்து நாலே நாள்ல போயிட்டு வந்துடலாமாம்" என்று முடித்தாயே, அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. போனில் பேசினால் நீ என்னைப் பேச விடமாட்டாய், ஹாஸ்டல் நாளிலிருந்தே அப்படித்தான். அதனால் எழுதுகிறேன். முழுசாகப் படி. பாதியில் சீனுவைக் கூப்பிட்டு "இவ பயமுறுத்துறாடா" என்று ஆரம்பிக்காதே.

உன்னைப் போகாதே என்று சொல்லவில்லை. நீ கட்டாயம் போகணும். அத்தையைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அந்த இடத்தின் அழகைச் சொல்லாமல் விட்டால் நெஞ்சு ஆறாது, அதனால் முதலில் அது. காத்மாண்டுவில் மச்சபோக்கரியில் காலையில் பஸ் ஏறினால் திரிசூலி பஜார் வழியாகத் துன்சே போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிடும். தூரம் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான், ரோடு அப்படி. துன்சே சுமார் 2,000 மீட்டர் உயரம், நம் ஊட்டியைவிடக் கொஞ்சம் தாழ்வு. மறுநாள் காலையில் கிளம்பினால் ஏற்றம், ஏற்றம், ஏற்றம்தான். முதலில் ஓக் மரங்கள். அப்புறம் ரோடோடென்ட்ரான், அங்கே லாலி குராஸ் என்கிறார்கள். பங்குனி, சித்திரையில் பூக்கும்; நான் போனது ஐப்பசியில், இலைதான் பார்த்தேன். அதற்கும் மேலே ஃபிர் மரங்கள், கிளைகளில் பச்சைச் சடையாகப் பாசி தொங்கும். காடு முடிகிற இடத்துக்குக் கிட்டே 3,330 மீட்டரில் சந்தன்பாரி. சிங் கோம்பா என்கிற புத்த மடம் இருக்கிறது. அதோடு ஒரு சீஸ் கூடமும். யாக்குக்கும் பசுவுக்கும் பிறக்கிற சௌரி என்கிற மாட்டின் பாலில் செய்வது. சீஸ் என்றாலே மூக்கைப் பிடித்துக்கொள்பவள் நீ. ஏறி வந்த பசியில் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார், அப்புறம் பேசு.

சந்தன்பாரிக்கு மேலே சோலாங்பாட்டி, அதற்கு மேலே 3,910 மீட்டரில் லௌரிபினா. அங்கே காலையில் வெளியே வந்து நின்றால் பேச்சு வராது. மேற்கே கணேஷ் ஹிமால், அதற்கு அப்பால் தூரத்தில் மனாஸ்லு. வடக்கே 7,200 மீட்டருக்கு மேல் லாங்டாங் லிருங். அந்த லிருங்கின் அடிவாரத்தில் இருந்த லாங்டாங் கிராமத்தைத்தான் 2015 ஏப்ரல் 25 பூகம்பத்தில் பனியும் பாறையும் சரிந்து மூடியது. எங்கள் விடுதிக்காரம்மா அந்தப் பக்கம் கையைக் காட்டிச் சொந்தக்காரர்களின் பெயர்களைச் சொன்னார். எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

லௌரிபினாவைத் தாண்டினால் மலையின் விலாவில் வெட்டிய பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். அந்தப் பள்ளத்தில் முதலில் சரஸ்வதி குண்டம் தெரியும். அடுத்து பைரவ குண்டம். அப்புறம் ஒரு வளைவு திரும்பினதும் கோசாயிகுண்டம், 4,380 மீட்டரில். நான் அனுப்பிய போட்டோவில் நிறம் சரியாக வரவில்லை கோமதி. காலையில் கருநீலம். மேகம் வந்து மறைத்தால் அதே தண்ணீர் ஈயம் மாதிரி ஆகிவிடுகிறது. கரையில் சின்னக் கோயில், லிங்கம், திரிசூலங்கள், மணிகள். பக்கத்திலேயே புத்தமதக் கொடிகளும் படபடக்கின்றன. அந்த மலை தாமாங் என்கிற இன மக்களின் மலை. அவர்களுக்கும் அது புனிதத் தலம்தான்.

கதை உனக்குத் தெரிந்ததுதான். ஆலகாலத்தை விழுங்கிய ஈசனுக்குத் தொண்டை எரிந்தது, மலையில் சூலத்தைக் குத்தினார், மூன்று ஊற்று கிளம்பி ஏரி ஆயிற்று, அதிலிருந்து திரிசூலி ஆறு. ஏரிக்குள் கிடக்கும் பாறையைக் காட்டி, நஞ்சுண்ட களைப்பில் சிவன் படுத்திருக்கிறார் என்கிறார்கள். எனக்குச் சட்டென்று சுருட்டப்பள்ளி ஞாபகம்தான் வந்தது. பிரதோஷம் தவறாமல் நீங்கள் போகிற அதே பள்ளிகொண்டீஸ்வரர்! அங்கே அம்பாள் மடியில் தலை வைத்துக் கிடப்பவர், இங்கே பனித்தண்ணீரில் கிடக்கிறார். அத்தையை நினைத்து அழுதுவிட்டேன். அவர் இதைப் பார்க்கணும் என்று உன்னைவிட எனக்கு ஆசை. அந்த ஆசையோடுதான் இதை எழுதுகிறேன்.

நான் ஏரிக்குப் போனதற்கு முந்தின ராத்திரி, லௌரிபினா விடுதியில் நடந்தது இது. எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நேபாளத்தின் தெற்கே இருக்கிற தராய்ச் சமவெளியிலிருந்து வந்த ஒரு யாத்திரைக் கோஷ்டி இருட்டுகிற நேரத்தில் மேலேயிருந்து இறங்கி வந்தது. அதில் ஒரு பெரியவர், அத்தை வயதுதான் இருக்கும். துன்சேயிலிருந்து கிளம்பி அடுத்த நாளே ஏரியில் முழுக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். விரதம் என்று சாப்பாடும் சரியாக இல்லை. விடுதிக்காரம்மா அவருக்குச் சுக்குத் தண்ணி நீட்டினார். வாங்க அவர் கை நீட்டினார். கை டம்ளருக்கு நாலு விரற்கடை தள்ளிப் போய்க் காற்றைப் பிடித்தது. மறுபடி நீட்டினார், மறுபடியும் அப்படியே. கூட வந்த மருமகள் சிரித்துக்கொண்டே டம்ளரை அவர் கைக்குள் வைத்து, "ரொம்பக் களைப்பு, தூங்கினா சரியாயிடும்" என்றாள்.

எங்கள் கைடு தாமாங் பையன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவன் சிரிக்கவில்லை. பெரியவரை எழுப்பி, தரைப் பலகை இடுக்கைக் காட்டி, அந்தக் கோட்டின் மேல் ஒரு காலின் குதிகாலை அடுத்த காலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னான். இரண்டாவது அடியில் பெரியவர் பக்கவாட்டில் சாய்ந்தார். நாங்கள் தாங்கிப் பிடித்தோம். பையன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "லேக் லாக்யோ (மலைநோய் பிடிச்சுடுச்சு). இப்பவே கீழே இறக்கணும்."

அவர்களைக் கூட்டி வந்த ஏற்பாட்டாளர் ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரியில் எப்படி, குளிரில் எப்படி, விடியட்டும் என்றார். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. மூளையில் நீர் கோத்து வீங்குகிறபோது விடியும்வரை காத்திருக்க முடியாது, கோமதி. தூங்கினால் சிலர் எழுந்திருப்பதே இல்லை. கடைசியில் மருமகளே முடிவெடுத்தாள். பெரியவரைப் போர்வையில் சுற்றி, டோக்கோ என்கிற முதுகுக்கூடையில் உட்கார வைத்து, நெற்றிப் பட்டையில் பாரத்தை ஏந்திக்கொண்டு சுமைக்காரர்கள் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். டார்ச் வெளிச்சத்தில் சந்தன்பாரிக்கு இறக்கினார்கள். கிட்டத்தட்ட 600 மீட்டர் இறக்கம். காலையில் கீழேயிருந்து போன்: எழுந்து உட்கார்ந்து தால் பாத் சாப்பிடுகிறாராம்! விடுதியில் எல்லோரும் கை தட்டினோம்.

இது ஏதோ ஒருவருக்கு என்றைக்கோ நடந்தது என்று நினைக்காதே. நேபாள டாக்டர் புத்த பஸ்ன்யாத்தும் அவர் கூட்டாளிகளும் இதே ஏரிக்கு வந்த யாத்ரீகர்களைப் பரிசோதித்து 2000-இல் ஆய்வு வெளியிட்டார்கள். 68 சதவீதம் பேருக்கு மலைநோய் இருந்தது. அதில் கணிசமானவர்களுக்குத் தலைவலி, வாந்தியோடு நிற்காமல், நடை தடுமாறுகிற அளவுக்கே போயிருந்தது.

காரணம் சிக்கலானது இல்லை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் அவ்வளவு குறைவாகத்தான் ஆக்ஸிஜன். உடம்பு இதற்குப் பழகும், ஆனால் நாள் எடுக்கும். 3,000 மீட்டருக்கு மேலே படுக்கிற இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்கணும் என்பது மலை மருத்துவர்கள் சொல்கிற கணக்கு. உன் டிராவல்ஸ் சொல்கிற நாலு நாளில் பஸ் பயணமே போக வர இரண்டு நாளைத் தின்றுவிடும். மிச்சத்தில் 2,000-லிருந்து 4,380-க்கு ஏறி, இறங்கியும் ஆகணும். கணக்குப் போட்டுப் பார்.

"அத்தை திருத்தணி 365 படியையும் மூச்சு வாங்காம ஏறுறாங்கடி" என்பாய். எனக்குத் தெரியும், நானே பார்த்திருக்கிறேன். கால் பலம் வேறு, உயரம் வேறு. ஓட்டப்பந்தய வீரனையும் இது விடாது. அத்தைக்கு ஸ்டென்ட் வேறு இருக்கிறது, பிரஷர் மாத்திரை வேறு.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய பயம் அத்தையின் குணம். மாமா தவறிப்போன வருஷம் காய்ச்சலோடு பதினாறு பேருக்குச் சமைத்தவர் அவர். தலை வலித்தால் சொல்லுவாரா? சாமியிடம் போகிற வழியில் வலி என்று வாயைத் திறந்தால் நேர்த்தி கெட்டுவிடும் என்று நினைப்பார். முந்தானையை இழுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, நட" என்பார். மலைநோயில் ஆட்கள் போவது இப்படித்தான். முதல் தலைவலியிலேயே சொல்லிவிடுகிறவன் பிழைத்துக்கொள்கிறான்.

சரி, அத்தையின் ஆசைக்கு என்ன வழி? இருக்கிறது, அதுவும் அந்த ஊர் மக்களே வைத்திருக்கிற வழி. காத்மாண்டுவுக்கு ஒட்டினாற்போல் இருக்கிற பாட்டனில், தர்பார் சதுக்கத்துக்கு வடக்கே நடக்கிற தூரத்தில் கும்பேஸ்வரர் கோயில். 1392-இல் ஜயஸ்திதி மல்லன் கட்டியது, ஐந்து அடுக்குக் கூரை. அங்கே இருக்கிற குளத்துக்கு, கோசாயிகுண்டத்துத் தண்ணீர்தான் மலைக்கு அடியிலேயே ஓடி வருகிறது என்பது நம்பிக்கை. நம் ஆவணி அவிட்டம் வருகிற அதே பௌர்ணமி அவர்களுக்கு ஜனை பூர்ணிமா. அவர்களும் பூணூல் மாற்றுகிற நாள். அன்றைக்கு வெள்ளிக் கவசம் போட்ட லிங்கத்தைக் குளத்து நடுவில் எழுந்தருளச் செய்கிறார்கள். மேலே ஏற முடியாதவர்கள் இங்கே நீராடினால் அதே புண்ணியம். ஜாங்க்ரிகள், அதாவது சாமியாடிகள், மயிலிறகு செருகிய தலையோடு முரசடித்துக்கொண்டு வருவார்கள். எல்லோர் கையிலும் மஞ்சள் கயிறு கட்டிவிடுவார்கள். அதைத் தீபாவளி சமயத்து லட்சுமி பூஜைவரை வைத்திருந்து பசுவின் வாலில் கட்டுகிற வழக்கம். அன்றைய சாப்பாடு க்வாட்டி, ஒன்பது வகைப் பயறு முளைகட்டி வைக்கிற குழம்பு. அத்தைக்குப் பயறு என்றால் உயிராயிற்றே! பாட்டன் 1,300 மீட்டர் சொச்சம்தான், டாக்சி கோயில் பக்கம் வரை போகும்.

நீ மட்டும் தனியாக என்னோடு அடுத்த ஐப்பசியில் வா. ஆவணியில் அங்கே மழையும் அட்டையும் மேகமும். ஏரியே கண்ணில் படாமல் திரும்புகிறவர்கள் உண்டு. துன்சேயில் ஒரு ராத்திரி, சந்தன்பாரியில் இரண்டு, சோலாங்பாட்டியில் ஒன்று, லௌரிபினாவில் ஒன்று. அங்கிருந்து காலையில் ஏறி ஏரியைப் பார்த்துவிட்டு, படுக்க லௌரிபினாவுக்கே இறங்கிவிடலாம். மலைநோய் வராமல் தடுக்கிற டயமாக்ஸ் மாத்திரை உனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று உன் டாக்டரிடம் கேள். சல்ஃபா அலர்ஜி உனக்கு உண்டு, மறக்காமல் சொல்.

இன்னொன்று, வரும்போது ஷாம்பு பாக்கெட்டோடு ஏரிக்கரைக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். கோசாயிகுண்டமும் சுற்றியிருக்கிற ஏரிகளும் 2007-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலில், சேர்த்தவை. கரைப் பாறை இடுக்கெல்லாம் பாக்கெட்டும் பாட்டிலும் பழைய துணியும். நானும் அந்தக் கைடு பையனும் ஒரு சாக்கு பொறுக்கினோம், தீரவில்லை. சாமி என்று கும்பிடுகிற தண்ணீரில் குப்பையைப் போட எப்படித்தான் மனசு வருகிறதோ.

அட்வான்ஸ் போனால் போகட்டும், பாதியை நான் தருகிறேன். அத்தையிடம் நீ சொன்னால் சண்டையில் முடியும். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கூப்பிடுகிறேன், போனை நேரே அவர் கையில் கொடு. கும்பேஸ்வரர் கதையை நானே சொல்கிறேன்.

பிரியமுடன்,
மாலதி

பி.கு.: அத்தையின் கார்டியாலஜிஸ்ட் கடைசியாக எழுதிக் கொடுத்த சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. காத்மாண்டு விமானப் பயணத்துக்குக்கூட அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் போடணும்.