நோட்டின் பின்பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று இரவு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். ஏழு நிமிடம் பேசியிருக்கிறாய். முதல் ஆறு நிமிடமும் அந்தச் சுவரோவிய வேலை கைநழுவிப் போன கதை. சுவரை அளந்தாயிற்று, ஸ்கெட்ச்சுக்கு ஒப்புதல் வாங்கியாயிற்று, பெயிண்ட் வாங்கியாயிற்று, சாரம் கட்ட ஆளும் சொல்லியாயிற்று. அப்புறம் ஒரே ஒரு ஃபோன்: இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறோம். அதுவும் எந்த மாதத்தில்? முடித்துக் கொடுத்த இன்னொரு வேலைக்கான பணம் இன்னும் வந்து சேராத மாதத்தில். கடைசி ஒரு நிமிடத்தில்தான் நீ கேட்க வந்ததைக் கேட்டாய். “நம்பிக்கையை விடாதே, இருக்கிறதுக்கு நன்றியோட இருன்னு எல்லாரும் சொல்றாங்கக்கா. யாருக்கு நன்றி? எதுக்கு?”

இதற்கு ஃபோனிலேயே பதில் சொல்லியிருந்தால் நானும் அந்த ‘எல்லாரில்’ ஒருத்தியாகியிருப்பேன். அதனால்தான் கடிதம். பொதுவில் போடலாமா என்று கேட்டேன், உன் பெயர் வராமல் இருந்தால் சரி என்றாய். வராது.

முதலில் பணக் கணக்கைப் பேசிவிடுவோம். அதைத் தள்ளி வைத்துவிட்டு நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அந்தச் சுவர் நின்றுபோனதற்கும் உன் கோட்டுக்கும் நிறத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஒரு நிறுவனத்தில் செலவைக் குறைக்கச் சொன்னால் பேனா எடுத்தவர் முதலில் அடிப்பது சுவர் ஓவியத்தைத்தான். குழாயையும் மின்கம்பியையும் அடிக்க முடியாது, பார். அந்த முடிவை எடுத்தவர் உன் ஸ்கெட்ச்சைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் நமக்கு அது அப்படித் தோன்றாது. நம் தொழிலில் சரக்கும் நாமும் வேறு வேறு இல்லை என்று பழகிவிட்டதால், ஆர்டர் ரத்தானால் ஆளே ரத்தான மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொன்று. பதற்றத்தில் விலையைப் பாதியாகக் குறைத்து நாலு பேருக்கு மெசேஜ் அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். நீ குறைத்த விலைதான் அவர்கள் மனதில் உன் விலையாக நிற்கும். பணம் அவசரம் என்றால் அளவைக் குறை, விலையைக் குறைக்காதே. கையகலப் படம், ஒரே நிறத்தில் கோட்டோவியம், ஒரு நாளில் முடிகிற வேலை என்று கேள். பகுதி நேரமாகக் குழந்தைகளுக்கு வரையச் சொல்லிக் கொடுக்கும் வாய்ப்பு வந்தால் எடுத்துக்கொள். அதைத் தோல்வியென்று நினைப்பவர்கள் உன் வாடகையைக் கட்டப் போவதில்லை. அடுத்த சுவருக்கு, பாதி அட்வான்ஸ் வராமல் ஒரு டப்பா பெயிண்ட் வாங்காதே. இதை உனக்கு முன்பே சொல்லாமல் விட்டது என் தப்பு. நானும் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

நான் பட்டது எப்படி என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு பதிப்பகத்துக்குப் பன்னிரண்டு படங்கள் வரைந்து கொடுத்தேன். ஐந்து மாத வேலை. பாதி பணம் வந்தது. மீதி அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போய், ஒரு நாள் அந்தப் பதிப்பகமே இல்லை. ஃபோன் எடுக்க ஆள் இல்லை. கேமராவை விற்றேன். கேன்வாஸை நிறுத்தும் பெரிய ஈசல் ஸ்டாண்டை விற்றேன். அவை போனதுகூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு வந்த நான்கு மாதங்கள்தான் மோசம். வெள்ளைக் கேன்வாஸைப் பார்த்தால் படம் தெரியாது, கேன்வாஸின் விலை தெரியும். நீலத்தைப் பிதுக்கும்போது ட்யூபில் இன்னும் எத்தனை நாள் வரும் என்று விரல் கணக்குப் போடும். கை வரைய, தலை கூட்டிக் கழிக்க, இரண்டும் ஒரே நேரத்தில். அப்படி வரைந்த எதுவும் உருப்படவில்லை. எல்லாவற்றையும் வெள்ளை அடித்து மறுபடி பயன்படுத்தினேன்.

அப்போதுதான் அந்த நோட்டுப் பழக்கம் வந்தது. பெரிய ஞானம் ஒன்றும் இல்லை, வேறு நோட்டு வாங்கக் காசில்லாத காரணம். முன்பக்கத்திலிருந்து வரவு செலவு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நோட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து வேறொரு கணக்கை ஆரம்பித்தேன். பணமாக இல்லாத கடன்கள். அச்சகக்காரர் ஒருவர் பில்லை மூன்று மாதம் கேட்காமல் இருந்தார் என்று தேதி போட்டு எழுதினேன். ஃப்ரேம் போடுபவர் வெட்டி மிஞ்சிய மரச்சட்டங்களைக் கட்டிக் கொடுத்தார். ஒரு மூத்த ஓவியர் தனக்கு வந்த ஒரு போர்ட்ரெய்ட் ஆர்டரை, “எனக்குக் கண் சரியில்லை” என்று பொய் சொல்லி என்னிடம் அனுப்பினார். (அவருக்குக் கண் நன்றாகவே தெரியும். அடுத்த வாரம் என் படத்தில் காது ஒரு நூல் இறங்கியிருப்பதை வாசலில் நின்றபடியே சொன்னார்.) சில வாரங்களில் எழுத எதுவுமே இருக்காது. ஒரு தடவை வெறுப்பில் ‘வடக்கு ஜன்னல்’ என்று மட்டும் எழுதி மூடினேன். இப்போது பார்த்தால் அதுவும் சரிதான். நாள் முழுக்க அதிகம் மாறாத வெளிச்சம் தருகிற ஜன்னல் எத்தனை பேருக்கு வாய்க்கிறது?

இங்கேதான் உன் கேள்விக்கு வருகிறேன். ‘நன்றியோடு இரு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அது யாருக்கும் போய்ச் சேராது. யாருக்கு, எந்தத் தேதியில், எதற்காக என்று எழுத முடிந்தால்தான் என் கணக்கில் அது நன்றி. அதனால் கஷ்டத்துக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. வறுமைதான் கலையை வளர்க்கும் என்பது வயிறு நிறைந்தவர்கள் பேச்சு. பணம் பாக்கி வைத்திருப்பவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வாய்ப்புக் கொடுத்ததற்கு நன்றியோடு இருக்கச் சொல்லி நினைவுபடுத்துகிறவர் பெரும்பாலும் நம் பில்லை மறந்தவராகத்தான் இருப்பார். என் பின்பக்கத்தில் அந்தப் பதிப்பகத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

இந்த மாதிரி நேரத்தில் யாராவது வான்கோவை இழுத்துக்கொண்டு வருவார்கள். உனக்கும் வந்திருப்பார்கள். உயிரோடு இருந்தவரை ஒரே ஒரு படம்தான் விற்றதாம், இன்றைக்குப் பார் கோடிக்கணக்கில்! செத்த பிறகு ஏறும் விலையில் இந்த மாத வாடகையைக் கட்ட முடியுமா? போகட்டும், கதையும் முழுக்கச் சரியில்லை. 1882இலேயே அவருடைய சித்தப்பா ஒருவர் நகரக் காட்சிகளை வரைந்து தரச் சொல்லி 12 கோட்டோவியங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார். எல்லோரும் சொல்லும் அந்தச் சிவப்புத் திராட்சைத் தோட்டப் படம் 1890இல் 400 பிராங்குக்கு விற்றது. வாங்கிய அன்னா போக் தானும் ஓர் ஓவியர். இதற்கெல்லாம் அடியில் தம்பி தியோ மாதாமாதம் அனுப்பிய பணம். அதைத் தானமாக வாங்க அண்ணனுக்கு மனமில்லை. பணத்துக்கு ஈடாகப் படங்கள் உன்னுடையவை என்று ஏற்பாடு செய்துகொண்டார். தனியாளாகப் பட்டினி கிடந்து ஜெயித்த கதையாக இதைச் சொல்கிறவர்கள் தியோவையும் அன்னாவையும் சித்தப்பாவையும் விட்டுவிடுகிறார்கள். அவர்கள் எல்லாம் பின்பக்கத்து ஆட்கள்.

எனக்கு ஆறுதலாக இருப்பது டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட். அவரும் புனிதர் இல்லை. 1639இல் 13,000 கில்டர் (அந்நாள் டச்சு நாணயம்) விலையில் ஆம்ஸ்டர்டாமில் வீடு வாங்கினார், கடைசிவரை அந்தக் கடன் தீரவில்லை. ஏலத்துக்குப் போனால் படமும் சிற்பமும் வாங்காமல் வரமாட்டார். 1656இல் திவாலானார். வீட்டில் இருந்தவற்றை அதிகாரிகள் அறை அறையாகப் பட்டியல் எடுத்தார்கள்: 363 வரிகள். அந்தப் பட்டியலை வாசித்தபோது எனக்கு என் கேமரா நினைவுக்கு வந்தது. பொருள்கள் ஏலம் போயின, வீடும் போயிற்று.

அதற்கப்புறம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. 1660இல் அவரோடு வாழ்ந்த ஹென்ட்ரிக்யேவும் மகன் டைட்டஸும் சேர்ந்து ஒரு வியாபாரக் கூட்டு ஆரம்பித்தார்கள். ரெம்ப்ராண்ட் அதில் முதலாளி இல்லை, வேலை செய்பவர். சாப்பாடும் தங்க இடமும் கூட்டின் பொறுப்பு. அவர் வரைவதெல்லாம் கூட்டின் சொத்து, ஆகவே பழைய கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது. என்ன சாமர்த்தியம் பார்! அந்த ஏற்பாட்டுக்குள் உட்கார்ந்துதான் 1662இல் துணி வணிகர் சங்க அதிகாரிகளின் அந்தப் பெரிய குழுப் படத்தை வரைந்தார். ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி, யாரோ கதவைத் திறந்த மாதிரி நிமிர்ந்து பார்ப்பார்களே, அதுதான். அவர் மனம் தளராமல் இருந்தாரா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. மனம் தளர்ந்த நாளிலும் வேலை நடக்கிற மாதிரி இரண்டு பேர் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். நம்பிக்கை என்று நான் சொல்வது அதைத்தான்.

கதை சுபமாக முடியவில்லை, அதையும் மறைக்கக் கூடாது. ஹென்ட்ரிக்யே 1663இல் போய்விட்டார், டைட்டஸ் 1668இல், அடுத்த வருடம் ரெம்ப்ராண்டும். கையில் பணம் சேரவே இல்லை.

பிரான்ஸில் வாழ்ந்த ஓவியர் பிஸாரோவைப் பற்றி ஒன்று மட்டும். 1870இல் பிரான்ஸுக்கும் ஜெர்மானிய நாடான பிரஷ்யாவுக்கும் நடந்த போரின்போது அவர் குடும்பத்தோடு லண்டனுக்குப் போயிருந்தார். பாரிஸுக்குப் பக்கத்தில் இருந்த அவர் வீட்டில் பிரஷ்யப் படையினர் தங்கினார்கள். திரும்பி வந்து பார்த்தால், இருபது வருடங்களாக வரைந்த சுமார் 1,500 படங்களில் மிஞ்சியவை நாற்பது போல. சேற்றில் நடக்கக் கால்மிதியாகக் கேன்வாஸ்களைப் போட்டிருந்தார்களாம். அப்போது அவருக்கு நாற்பது வயது. அவர் மறுபடி ஆரம்பித்தார், மற்றவர்களையும் கூட்டிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து, தன்னைவிட இளைய ஓவியரான செசானுக்கு வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். பிஸாரோ 1903இல் இறந்தார். அதற்குப் பின் 1906இல் ஒரு கண்காட்சிப் பட்டியலில், இளம் ஓவியர்களெல்லாம் அண்ணாந்து பார்க்கிற நிலைக்கு வந்துவிட்ட செசான், தன் பெயருக்குப் பக்கத்தில் ‘பிஸாரோவின் மாணவன்’ என்று அச்சிட வைத்தார். அறுபத்தேழு வயதில்! எனக்குத் தெரிந்த மிக நல்ல நன்றிக் குறிப்பு அதுதான். அதற்குக் காசும் செலவாகவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருவோம். இந்த வாரம் நீ சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கோபமாக இரு, தூங்கு, யாரிடமாவது திட்டித் தீர். ஆனால் தினமும் கொஞ்ச நேரம் பென்சிலைப் பிடி. நல்ல படம் வர வேண்டாம். கை மறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். நான் அந்த நான்கு மாதத்தில் விட்ட கை திரும்பி வர ஒரு வருடம் ஆயிற்று.

அந்தப் பெயிண்டைப் பாதி விலைக்குத் தள்ளிவிடப் போவதாகச் சொன்னாயே, செய்யாதே. மூடியை நன்றாக அடித்து இறுக்கி, வெயில் படாத இடத்தில் வை. திறக்காத டப்பா வருடக்கணக்கில் கெடாது. காசு உடனே வேண்டுமென்றால் வெள்ளை முழுவதையும் நானே எடுத்துக்கொள்கிறேன், நீ வாங்கிய விலைக்கு.

மறுத்துப் பேசாதே. என் நோட்டின் பின்பக்கத்தில் உன் பெயர் இருக்கிறது. என் போன கண்காட்சிக்கு முந்தைய இரவு, முப்பத்தொரு ஃப்ரேம்களை விடியும்வரை மாட்டிவிட்டு, காசு வேண்டாம் என்று சொல்லி அப்படியே வகுப்பெடுக்கப் போனாய். அந்த வரியை நான் இன்னும் அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. வராத பணத்துக்கான பில்லின் நகலையும், அவர்கள் ஒப்புதல் சொன்ன மெசேஜ்களையும் எடுத்துக்கொண்டு வா. மரியாதையாக, தேதி போட்டு, ஒரு கடிதம் எழுதி அனுப்புவோம். அந்தச் சுவர் ஸ்கெட்ச்சையும் கொண்டு வா, நான் இன்னும் பார்க்கவே இல்லை.

அன்புடன்,
அக்கா