காவோ சான் தெருவுக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளே,

பாங்காக்கில் முதல் இரண்டு இரவும் காவோ சான் தெருவில்தான் என்று சொன்னாய். போய்ப் பார், நல்ல கலகலப்பான இடம். 1892-இல் போட்ட தெரு, பெயருக்குத் தீட்டிய அரிசி என்று பொருள். ஒரு காலத்தில் அரிசி வியாபாரத்துக்குப் பேர்போன இடம். நீளம் அரை கிலோமீட்டர்கூட இல்லை. மேற்கு முனையில் சனா சொங்க்ராம் காவல் நிலையம் இருக்கிறது. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் அதன் வாசலில் சந்திப்பதாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவைப் பார்த்த அறை வேண்டாம். நள்ளிரவு தாண்டியும் பாட்டுச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிரும், காதில் பஞ்சு வைத்தாலும் நெஞ்சுக்குள் அடிக்கும். பின்பக்க அறை கேள், இல்லையென்றால் பக்கத்து ராம்புத்ரி சந்தில் எடு.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அங்கே மது கலந்து விற்கும் வாளியைப் பற்றி. குழந்தைகள் மணல் அள்ளும் வாளி மாதிரி இருக்கும். அதில் ஐஸ், கோலா, எனர்ஜி டிரிங்க், அதோடு ஒரு சின்ன பாட்டில் ரம், மேலே நாலைந்து ஸ்ட்ரா. 300 மில்லி பாட்டிலை முழுதாகக் கவிழ்த்தால் அது பத்து ஸ்மால் பெக், கண்ணு. இனிப்பில் காரம் தெரியாது. எனர்ஜி டிரிங்கில் உள்ள காஃபீன் தூக்கத்தை மட்டும்தான் தள்ளிவைக்கும், போதையைக் குறைக்காது. 'தெளிவாத்தானே இருக்கேன்' என்று அடுத்த வாளி வாங்குவது அதனால்தான். குடிப்பதானால் மூடி திறக்காத பீர் பாட்டிலை உன் கண்ணெதிரே திறக்கச் சொல். கழிப்பறைக்குப் போய்வந்தால் பழைய கிளாஸைத் தொடாதே.

கலப்படச் சாராயத்தில் மெத்தனால் என்ற விஷம் இருந்தால் வாசனையிலோ ருசியிலோ பிடிபடாது. 2024-இல் பாங்காக்கிலேயே நாட்டுச் சரக்கு குடித்து உயிர்கள் போயின. விஷம் பெரும்பாலும் மறுநாள்தான் தலைகாட்டும்: தலைவலி, வாந்தி, வயிற்றுவலி. ஹேங்ஓவர் என்று படுத்துவிடுவார்கள், தப்பு அங்கேதான் நடக்கிறது. பார்வை மங்கினாலோ, பனிமூட்டம் மாதிரி வெள்ளையாகத் தெரிந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ ஒரு நிமிடம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸுக்கு 1669. 'மெத்தனாலாக இருக்கலாம்' என்று நீயே வாய்விட்டுச் சொல். மாற்று மருந்து உண்டு, நேரத்தோடு போனால் கண்ணையும் காப்பாற்றலாம்.

திரும்பி வர, தெருமுனையில் நிறுத்தி வைத்திருக்கும் டாக்ஸியில் ஏறாதே. மீட்டர் போடாமல் வாய்க்கு வந்ததைக் கேட்பார்கள். ராட்சதம்னோன் க்ளாங் பெருஞ்சாலைக்கு நடந்து போய், ஓடிக்கொண்டிருக்கிற வண்டியைக் கைகாட்டி நிறுத்து. மீட்டர் 35 பாத்தில் தொடங்குகிறதா என்று பார். அல்லது போனில் கிராப் செயலியில் வண்டி பதிவு செய். மெட்ரோவை நம்பாதே, அருகிலுள்ள சாம் யோட் நிலையமே நல்ல நடை, நள்ளிரவோடு ரயிலும் நின்றுவிடும். பகலில் யாராவது 'அரண்மனை இன்றைக்கு மூடல்' என்று சொல்லி டுக்டுக்கில் ஏற்றினால், வண்டி நகைக்கடையில்தான் நிற்கும்.

செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடு. ராத்திரி தரையெல்லாம் ஈரமும் கண்ணாடிச் சில்லும்தான். மின்சிகரெட் அங்கே சட்டப்படி தடை, கடை விரித்து விற்றாலும் வாங்காதே. சிரிப்பு வாயு பலூன் பக்கமே போகாதே, அது நரம்பைக் கெடுக்கும். சுற்றுலாப் போலீஸ் எண் 1155, போனில் இப்போதே போட்டு வை.

ஓட்டல் பெயரைத் தாய்லாந்து எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி வாங்கிப் பையில் வை. போன் சார்ஜ் தீர்ந்தாலும் டிரைவரிடம் காட்டலாம். அறைக்குப் போனதும் அந்தச் சீட்டைப் படம் எடுத்து எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா