தந்தை மன்னித்தால் வழக்கு முடிந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாகிஸ்தானில் பிள்ளையைப் பள்ளியிலோ மதரஸாவிலோ சேர்க்கும் தகப்பன், ‘சதை உங்களுக்கு, எலும்பு எங்களுக்கு’ என்று சொல்லி ஆசிரியரிடம் ஒப்படைப்பது நெடுநாள் வழக்கம். ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்’ என்று என்னிடமே சொல்லிச் சென்ற பெற்றோர் பலர் உண்டு என்பதால், ஓய்வுபெற்ற ஆசிரியனான எனக்கு அது அந்நியப் பேச்சாகத் தோன்றவில்லை.

அந்தப் பேச்சுக்குச் சட்டத்திலும் இடம் இருந்தது. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காகக் காப்பாளரோ, அவருடைய சம்மதத்துடன் பிறரோ நல்லெண்ணத்தோடு செய்யும் செயல் குற்றமாகாது என்கிறது, ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்டு, பிரிவினைக்குப் பின் இரு நாடுகளிலும் தொடர்ந்த 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு. பாடகர் ஷெஹ்சாத் ராய் தொடுத்த வழக்கில் 2020 பிப்ரவரியில் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. மறு ஆண்டு உடல் தண்டனைக்குத் தடைவிதிக்கும் சட்டமும் வந்தது. ஆனால் அது தலைநகர்ப் பகுதிக்கு மட்டுமே உரியது.

பள்ளிக்குப் போகும் குழந்தைக்காவது இந்த அளவு பாதுகாப்பு உண்டு. வீட்டு வேலைக்கு அனுப்பப்படும் குழந்தையின் நிலை வேறு. 2016 இறுதியில் இஸ்லாமாபாதில் கூடுதல் மாவட்ட நீதிபதி ஒருவரின் வீட்டிலிருந்து 10 வயதுச் சிறுமி காயங்களுடன் மீட்கப்பட்டபோது, அவளுடைய தந்தையே மன்னித்துவிட்டதாக எழுதிக்கொடுத்தார். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்திராவிட்டால், 2018இல் நீதிபதிக்கும் அவர் மனைவிக்கும் கிடைத்த ஓராண்டுச் சிறைகூட இருந்திருக்காது. 2020இல் ராவல்பிண்டியில், கிளிகளைக் கூண்டிலிருந்து பறக்கவிட்டதற்காக 8 வயதுச் சிறுமி அடித்தே கொல்லப்பட்டாள். அதன்பின் தலைநகர்ப் பகுதியில் சிறார் வீட்டு வேலை தடைசெய்யப்பட்டது. எனினும் 2023இல் அதே இஸ்லாமாபாதில், மீண்டும் ஒரு நீதிபதியின் வீட்டில் வேலை செய்த சிறுமி உடலெங்கும் காயங்களுடன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள். சட்டத்தைப் படித்தவர்களின் வீடுகள் இவை.

வறுமை ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் குழந்தையை வேலைக்கு அனுப்பி அவளுடைய கூலியை வாங்கிக்கொள்ளும் தகப்பனுக்கே, அவளைக் கொடுமைப்படுத்தியவரை மன்னிக்கும் உரிமையும் தரப்படுமானால், அதை மன்னிப்பு என்று எப்படிச் சொல்வது? கொலை வழக்கிலேயே வாரிசுகள் பணம் பெற்றுக்கொண்டு சமரசமாகப் போக இடமளிக்கும் அந்நாட்டில், குழந்தைகளுக்கு எதிரான கொடுமைகளையாவது குடும்பத்தார் முடித்துக்கொள்ள முடியாத குற்றங்களாக்கி, அரசே இறுதிவரை நடத்த வேண்டும்.

இதைப் படித்து அண்டை நாட்டைப் பழிக்க முற்படுபவர்களுக்கு ஒரு செய்தி: அதே 89ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நமது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 27ஆம் பிரிவாக ஏறக்குறைய அப்படியே தொடர்கிறது. அதைப் பற்றியும் தங்கள் நாளிதழ் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி