பீரோவில் இருக்கும் பாட்டு நோட்டு

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். பையனுக்கு ஓசூரில் வேலை கிடைத்து, போன மாதம் கிளம்பிப் போனான். வீடு வெறிச்சென்று இருக்கிறது. இவருக்குச் சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் வந்துவிட்டது.

கடிதத்தின் கடைசியில், “பாட்டு நோட்டு அப்படியேதான் இருக்கு, இன்னும் சரியா வரலை” என்று எழுதியிருந்தாய். அந்த வரி மனதை விட்டுப் போகவே இல்லை. உன் அம்மாவும் தெருவில் இருந்த ஆத்தாக்களும் பாடிய தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு எல்லாவற்றையும் திண்ணை திண்ணையாக உட்கார்ந்து எழுதியவள் நீ. பாடியவர்களில் முக்கால்வாசிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் பாட்டு உன் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது.

ஒரே தாலாட்டை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி பாடியிருக்கிறார்கள், எது சரியென்று தெரியாமல் எப்படி அச்சுக்குக் கொடுப்பது என்று கேட்கிறாய். தாலாட்டில் வருகிற அத்தை அடித்தது அரளிப்பூச் செண்டாலா, அல்லிப்பூச் செண்டாலா என்று நீ இன்னும் தீர்மானிக்கவில்லை. ஏன் தீர்மானிக்க வேண்டும்? அரளி வளர்கிற ஊரில் அரளி, அல்லிக்குளம் இருக்கிற ஊரில் அல்லி. வாய்ப்பாட்டுக்கு மூலப்பிரதி என்று ஒன்று எங்கே இருக்கிறது? இரண்டையும் போட்டு, யார் பாடினார்கள், எந்த ஊர் என்று கீழே எழுதிவிட்டால் முடிந்தது.

உ.வே.சா.வை நினைத்துப் பார். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த இராமசாமி முதலியார் கேட்ட கேள்வியில்தான் சீவக சிந்தாமணிக் காப்பியம் அவர் கைக்கு வந்தது. ஏடு ஏடாகத் தேடி ஒப்பிட்டு, 1887இல் பதிப்பித்தார். அதைவிடக் கவனமாக யார் உழைக்க முடியும்? ஆனாலும் தமிழ்நாட்டில் இருக்கிற ஏடெல்லாம் கைக்கு வரட்டும் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. பாட வேறுபாடுகளைக் குறித்துக் கொடுத்தார். திருத்தியதைச் சேர்த்து 1907இல் இரண்டாம் பதிப்பு வந்தது. 1894இல் அவர் பதிப்பித்த புறநானூற்றைப் பார். 267, 268 இரண்டு பாட்டும் கிடைக்கவே இல்லை. பின்பகுதியில் பல பாட்டுகளில் வரி சிதைந்து, அந்த இடத்தில் வெறும் புள்ளிகள் இருக்கும். கல்லூரியில் படிக்கும்போது அந்தப் புள்ளிகளை நாம் சாதாரணமாகத் தாண்டிப் போய்விட்டோம். இப்போது பார்த்தால் எனக்கு அந்தப் புள்ளிகள் மேல் அவ்வளவு மரியாதை வருகிறது. இவ்வளவுதான் கிடைத்தது, இதைப் படியுங்கள் என்று தைரியமாகச் சொல்கிற புள்ளிகள் அவை.

பள்ளிக்கூடத்திலும் இதைத்தான் தினமும் பார்க்கிறேன். ப்ளஸ் டூவில் நன்றாகப் படிக்கிற பெண் ஒருத்தி. செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றம் வரையும்போது ரப்பரால் தேய்த்துத் தேய்த்து, சூல்பை வர வேண்டிய இடத்தில் தாள் நைந்து ஓட்டை விழுந்துவிட்டது. பக்கத்தைக் கிழித்துப் போட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மற்றவர்கள் ரெக்கார்டை முடித்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள், இவள் பாதியில் நிற்கிறாள், கண்ணில் தண்ணீர். பூவையே பறித்துக் கையில் கொடுத்தேன். இதழ்கள் ஐந்தும் ஒரே அளவாகவா இருக்கின்றன என்று பார்க்கச் சொன்னேன். ரப்பரை நான் வாங்கி வைத்துக்கொண்டு வரையச் சொன்னேன். கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. ஆனால் மகரந்தத்தாள்கள் ஒன்றாகச் சேர்ந்து சூல்தண்டைச் சுற்றிக் குழாய் மாதிரி நிற்கும் இல்லையா, அது அச்சு அசலாக வந்திருந்தது. மார்க் அதற்குத்தான். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ!

அவளுக்காகத்தான், எதிலும் குறையே இருக்கக்கூடாது என்று நினைக்கிற இந்தக் குணத்தைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். கனடாவைச் சேர்ந்த ஹெவிட், ஃபிளெட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1991இல் இந்தக் குணத்தை மூன்றாகப் பிரித்தார்கள். தன்னிடமே குறை இருக்கக்கூடாது என்பது ஒன்று, அடுத்தவரிடம் அதை எதிர்பார்ப்பது இன்னொன்று, ஊரே நம்மிடம் அதை எதிர்பார்க்கிறது என்று நம்புவது மூன்றாவது. 1989க்கும் 2016க்கும் இடையில் அமெரிக்கா, கனடா, பிரிட்டனில் கல்லூரி மாணவர்களிடம் சேகரித்த விவரங்களைப் பின்னால் வேறு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். மூன்றுமே கூடியிருந்தாலும், அதிகம் கூடியது அந்த மூன்றாவதுதான். உன்னைப் பிடித்திருப்பதும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டு உனக்குப் பிடித்திருக்கிறது. படித்த பேராசிரியர்கள் என்ன சொல்வார்களோ என்றுதான் தயங்குகிறாய். சொல்லட்டுமே! தப்பைக் காட்டினால் அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம்.

புது வீட்டு விஷயமும் இதே கதைதான். மாடிக் கைப்பிடி வேலை முடியட்டும், பெயின்ட் அடிக்கட்டும் என்று யாரையும் கூப்பிடாமல் இருக்கிறாய். தனியாக உட்கார்ந்து சுவரில் இருக்கிற குறையை எண்ணிக்கொண்டு, ராத்திரி தூக்கமும் வரவில்லை என்று எழுதுகிறாய். எனக்கு மனசு கேட்கவில்லை, கலா. ஹாஸ்டலில் ஒரே தட்டில் புளிச்சாதம் சாப்பிட்டவர்கள் நாம். உன் வீட்டில் கைப்பிடி இருக்கிறதா என்று பார்க்கவா வரப்போகிறேன்? நீ கூப்பிடுகிறாயோ இல்லையோ, பொங்கல் லீவில் நானும் இவரும் வருகிறோம். சமையலுக்கு ஒன்றும் மெனக்கெடாதே, ரசமும் அப்பளமும் போதும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை செய். நோட்டில் முதல் இருபது பாட்டை ஜெராக்ஸ் எடுத்துத் தபாலில் அனுப்பு. திருத்தி எழுதாதே, அடித்தல் இருந்தால் அப்படியே இருக்கட்டும். சாயங்காலம் நான் சும்மாதான் இருக்கிறேன், டைப் செய்துவிடுகிறேன். புரியாத சொல்லுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுக்கொண்டு வருகிறேன், நேரில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். உன் அம்மா பாட்டு எதுவோ அதுதான் முதல் பக்கத்தில் வர வேண்டும்.

அத்தையைக் கேட்டதாகச் சொல். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் ராஜி