தொண்டிக் கரையிலும் வேண்டும் சிறு விடுதிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டுச் சுற்றுலாவைப் பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வெளிவரும் செய்திகளையும் கட்டுரைகளையும் ஒன்றுவிடாமல் படித்துவரும் தேவகோட்டை வாசகி நான். கானாடுகாத்தான் வீடுகள், ஆத்தங்குடிக் கல், காரைக்குடிச் சமையல், பிள்ளையார்பட்டிக் கோயில் என்று எல்லாவற்றைப் பற்றியும் எழுதுகிறார்கள். நமக்கு இவ்வளவு அருகில் ஒரு கடல் இருப்பதை மட்டும் எவரும் எழுதக் காணோம். தேவகோட்டையில் புறப்பட்டால் திருவாடானை வழியாக ஒரு மணி நேரத்தில் தொண்டிக்குப் போய்விடலாம். ஆனால், அந்தக் கரையில் குடும்பத்தோடு இரண்டு நாள் நிம்மதியாகத் தங்குவதற்கு இடம் தேடினால் எளிதில் அகப்படுவதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், அண்மையில் நானும் என் கணவரும் இலங்கையில் திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கடற்கரையில் ஒரு சின்னஞ்சிறு விடுதியில் தங்கிவந்ததுதான். சம்பந்தர் பாடிய திருக்கோணேச்சரத்தைத் தரிசிக்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. திருச்சியிலிருந்து விமானத்தில் கொழும்பு போய், அங்கிருந்து சாலை வழியாகத் திருகோணமலை சேர்ந்தோம். கணவருக்கு மருத்துவர் ஓய்வு சொல்லியிருந்ததால், நகரத்துச் சந்தடியில் தங்காமல் உறவினர் ஒருவர் சொன்ன அந்தக் கடற்கரை விடுதியில் அறை எடுத்தோம்.

எட்டே அறைகள், மாடி கிடையாது, ஓட்டுக் கூரை. ஒவ்வோர் அறைக்கும் முன்னால் ஒரு சிறு திண்ணை; திண்ணையோரத்தில் கால் மணலைக் கழுவிக்கொள்ள ஒரு வாளித் தண்ணீரும், கொட்டாங்கச்சியில் கைப்பிடி செருகிய ஓர் அகப்பையும் எப்போதும் இருக்கும். தொலைக்காட்சி இல்லை. பொழுது விடியும்போது கரைவலை இழுக்கிறவர்களின் குரல்தான் எங்களை எழுப்பியது. இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, கயிற்றை இடுப்போடு சேர்த்துப் பிடித்து, பின்னங்காலை மணலில் புதைத்துப் பின்வாங்கிப் பின்வாங்கி இழுக்கிறார்கள். வலை கரைக்கு வர வெகுநேரம் ஆகிறது. விடுதியில் தங்கியிருந்த பிள்ளைகளும் ஓடிப்போய்க் கயிறு பிடித்தார்கள், எவரும் தடுக்கவில்லை. வலையின் மடி கரையேறியதும் சூடையும் நெத்தலியும் மணலில் துள்ள, விடுதிக்காரரின் மனைவி ஓலைப்பெட்டியோடு வந்து நின்று அன்றைக்கு வேண்டியதை விலைபேசி எடுத்துக்கொண்டார். பிறகு எங்கள் திண்ணைக்கு வந்து, "அம்மா, இண்டைக்குப் பாரை நல்லாப் பட்டிருக்கு. குழம்பு வைக்கவோ, பொரிக்கவோ?" என்று கேட்டார். அங்கே உணவுப் பட்டியல் என்று தனியாக ஒன்று இல்லை. காலையில் இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் சம்பலும்; மதியத்துக்குக் கடல் எதைக் கொடுத்ததோ அது. மிளகும் சோம்பும் தூக்கலாகப் போட்டே பழகிய எனக்கு அந்தச் சொதியின் இதம் புதிதாக இருந்தது. என் கணவர் மருத்துவர் சொன்ன பத்தியத்தை மீறாமல் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

தென்மேற்குப் பருவக்காற்று காலி, கொழும்புப் பக்கத்துக் கடலைக் கொந்தளிக்க வைக்கும் மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களில்தான் இந்தக் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். ஐப்பசியில் வாடை தொடங்கிவிட்டால் விடுதியில் ஆள் குறைந்துவிடும் என்றும், அப்போது கூரையைச் செப்பனிட்டுக்கொண்டு வீட்டு வேலையைப் பார்ப்பார்கள் என்றும் சொன்னார்கள். எதிரே கடலுக்குள் தெரியும் புறாமலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே படகில் கூட்டிச் செல்கிற இளைஞர், பவளப்பாறை மேல் கால் வைக்கக் கூடாது என்று படகில் ஏறும் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார். போரையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட கரை அது. அத்தனைக்குப் பிறகும் அங்குள்ளவர்கள் தங்கள் கையில் வைத்துக்கொண்டு நடத்துகிற தொழில் என்பதால்தான், வந்தவர்களிடம் அவ்வளவு உரிமையோடும் அக்கறையோடும் நடந்துகொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

இதற்கு முன்பு நம் மாநிலக் கடற்கரையிலேயே பெரிய விடுதி ஒன்றில் தங்கியிருக்கிறோம், பெயர் வேண்டாம். கடலுக்கு எதிரில் நீச்சல் குளம், இரவு பதினொரு மணி வரை ஒலிபெருக்கி, மீனவர் வரக் கூடாதென்று மணலில் வேலி. சாப்பாட்டில் இருந்த மீன் எந்த ஊர் மீன் என்று பரிமாறியவருக்குத் தெரியவில்லை. அங்கிருந்து அலுத்துப்போய்த்தான் வீடு திரும்பினோம். தொண்டிக் கரைக்கு நான் கேட்பது இப்படிப்பட்ட விடுதியை அன்று.

தொண்டியிலிருந்து வடக்கே மணமேல்குடி வரையிலும் தெற்கே தேவிபட்டினம் வரையிலும் உள்ள நம் கடலுக்கு நிலாவெளியின் வெண்மணல் கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பல இடங்களில் சேறு. கரையில் கடற்புல் ஒதுங்கிக் கிடக்கும். ஆனால் ராமநாதபுரத்துக்காரர்கள் பெண் கடல் என்று சொல்கிற அமைதியான கடல் இது. பல இடங்களில் வெகுதூரம் நடந்தும் முழங்கால் அளவுதான் தண்ணீர். அந்தக் கடற்புல்லை மேய்ந்து வாழும் கடற்பசுவுக்காகவே, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-ல் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலேயே கடற்பசுவுக்கென்று அமைந்த முதல் பாதுகாப்பகம் அது. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவபாஷாணம் என்னும் நவக்கிரகக் கோயில், அறந்தாங்கிக்குப் பக்கத்தில் ஆவுடையார்கோயில் என்று, கரைக்கு வருகிறவர்கள் போய்ப் பார்க்க வேண்டிய இடங்களுக்கும் குறைவில்லை.

வழியும் ஏற்கெனவே நமக்குக் காட்டப்பட்டிருக்கிறது. தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து சதுப்புநிலக் காட்டுக்குள் படகுச் சவாரி நடத்துகிறார்கள். ஊர்ப் பெண்கள் மீன் சமைத்துப் போடுகிறார்கள். போய் வந்தவர்கள் யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. குறையெல்லாம் மாலையானதும் அத்தனை பேரும் வண்டியேறிப் போய்விடுகிறார்கள் என்பதுதான். இரவில் தங்கினால்தானே ஊருக்கு வருமானம் நிற்கும்? கடலோர ஒழுங்குமுறை மண்டலம் குறித்து நடுவண் அரசு 2019-ல் வெளியிட்ட அறிவிக்கையிலும், மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள் தங்கள் வீட்டின் அமைப்பையும் முகப்பையும் மாற்றாமல் விருந்தினரைத் தங்க வைத்துச் சுற்றுலா நடத்த இடமளிக்கப்பட்டுள்ளது. சட்டத்தில் இருக்கும் இந்த வாசல் நம் கரையோர ஊர்களில் எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்?

சில நிபந்தனைகள் கட்டாயம் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டை, தஞ்சாவூர்க் கரையில் தென்னந்தோப்புகளையும் வீடுகளையும் எப்படிச் சாய்த்தது என்பதை நாம் அறிவோம். ஆகவே அறைகள் அழகுக்காகக் கீற்று வேய்ந்தவையாக இல்லாமல் காற்றைத் தாங்குபவையாக இருக்க வேண்டும். கழிவுநீர் ஒரு சொட்டும் கடலுக்குப் போகக் கூடாது. வலை காயப்போடவும் கருவாடு உலர்த்தவும் படகு ஏற்றவும் மீனவருக்கு உள்ள மணலில் ஓர் அடியைக்கூட விருந்தினருக்காக ஒதுக்கக் கூடாது. கருவாட்டு வாடையைப் பொறுக்க முடியாதவர்கள் வேறு ஊர் பார்த்துக்கொள்ளட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கோடை விடுமுறைக் கூட்டமும் அதே நாள்களில்தான் வரும். அப்போது நாட்டுப் படகில் கிடைப்பதைச் சமைத்துப் போடுவதோடு விடுதி திருப்தியடைய வேண்டும். வெளியூர்ப் பனிக்கட்டி மீனைப் பெட்டி பெட்டியாக இறக்கினால் பிறகு அது தொண்டி விடுதி ஆகாது.

செட்டிநாட்டு வீடுகளில் விடுதி நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டிலிருந்தும் வடக்கிலிருந்தும் வருகிறவர்கள் ஓர் இரவு தங்கி, முகப்பையும் உள்முற்றமான வளவையும் படம் எடுத்துக்கொண்டு, மறுநாளே மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ போய்விடுகிறார்கள் என்பது உங்கள் நெடுநாள் வருத்தம். அந்த வீடுகளில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களும் கடல் வழியே வந்தவைதாம். வீட்டில் ஓர் இரவு, கரையில் ஓர் இரவு என்று மீனவக் குடும்பங்களோடு பேசி ஏற்பாடு செய்தால் இருவருக்கும் நல்லது. உங்கள் சமையல்காரர்களுக்கும் அன்றன்றைய மீன் கிடைக்கும்.

சுற்றுலாத் துறையிடம் நான் கேட்பது பெரிய தொகை எதுவும் இல்லை. தொண்டியிலோ மணமேல்குடியிலோ கரையோர ஊர்களின் மகளிர் குழுக்களை ஒரு நாள் கூட்டி, வீட்டில் விருந்தினரைத் தங்க வைக்க எங்கே விண்ணப்பிக்க வேண்டும், என்ன சான்று வேண்டும் என்பதைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். முதலில் பத்து வீடுகளைத் தேர்ந்தெடுத்து, கழிப்பறைக்கும் குடிநீருக்கும் கூட்டுறவு வங்கிக் கடன் பெற்றுத் தர வேண்டும். தேவகோட்டையிலிருந்து மாலையில் தொண்டி போய் மறுநாள் காலையில் திரும்பும் வகையில், சனி, ஞாயிறுகளிலாவது ஒரு கூடுதல் பேருந்து விட வேண்டும். இந்தக் கடிதத்தை வெளியிட்டு, ராமநாதபுரம், புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர்களின் கவனத்துக்கும் கொண்டு செல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தேவகோட்டை